கோத்தகிரில தங்கிட்டு ஊட்டி பாருங்க: சம்மர் லீவுக்கு கைய கடிக்காம மலை ட்ரிப் போடுறது எப்படி

ஊட்டி பாக்கணும்னா ஊட்டிலதான் ரூம் போடணும்னு எந்த கட்டாயமும் இல்லைங்க. இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சுட்டாலே ட்ரிப் செலவுல பாதி கவலை போயிடும். மே மாசம் ஊட்டில சனி ஞாயிறு ரூம் ரேட் பாத்துட்டு, நம்மளால எல்லாம் முடியாதுப்பான்னு போனை வெச்சுட்டு பசங்களை மாமா வீட்டுக்கு அனுப்பி விட்ட குடும்பம் எனக்கு தெரிஞ்சே நிறைய இருக்கு. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மாச சம்பளத்துல ஓடுற நாலு பேர் குடும்பம் கடன் வாங்காம, கிரெடிட் கார்டை தேய்க்காம, மூணு ராத்திரி நாலு பகல் நீலகிரில நிம்மதியா இருந்துட்டு வரலாம். அதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற ஊர் கோத்தகிரி.

மேப் எடுத்து பாருங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து மலைக்கு ரெண்டு ரோடு ஏறுது, ஒண்ணு பர்லியார் வழியா குன்னூர், இன்னொன்னு குஞ்சப்பனை வழியா கோத்தகிரி. மேட்டுப்பாளையம் டூ கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர்தான். கோத்தகிரில இருந்து ஊட்டி 30 கிலோமீட்டர் பக்கம், குன்னூர் 20 சொச்சம். அதாவது மூணு ஊருக்கும் போற மாதிரி ஒரு முனைல உக்காந்துக்குறோம். ஊட்டி 2240 மீட்டர் உயரம்னா கோத்தகிரி 1790 மீட்டர் சொச்சம், அதனால குளிர் கொஞ்சம் மிதமா இருக்கும், வயசானவங்க கைக்குழந்தை கூட வந்தா இதுவே நல்லது. இன்னொரு விஷயம், தொட்டபெட்டா மலை நடுவுல நிக்குறதால தென்மேற்கு பருவமழை கோத்தகிரி பக்கம் அவ்வளவா அடிக்காது, கூடலூர்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போதும் இங்க தூறலோட போயிடும். இங்க பெரிய மழை எல்லாம் அக்டோபர் நவம்பர்லதான். இது ஏன் முக்கியம்னு அடுத்து சொல்றேன்.

எப்ப போறதுங்குறதுதான் ரூம் ரேட்டை தீர்மானிக்குது, எங்க தங்குறோம்ங்குறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். மே மாசம் கோடை விழா, ஊட்டில மலர் கண்காட்சி, ரோஜா கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்ல பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பார்க்ல காய்கறி கண்காட்சின்னு வரிசையா நடக்கும், மலர் கண்காட்சி நடக்குற நாள்ல ஊட்டிக்குள்ள வண்டி நகராது. கண்காட்சி பாத்தே ஆகணும்னு இருந்தா காய்கறி கண்காட்சிக்கு வாங்க, கூட்டம் தாங்கக்கூடிய அளவுல இருக்கும், பசங்க நின்னு நிதானமா பாக்கலாம். கண்காட்சி வேண்டாம் மலை மட்டும் போதும்னா ரெண்டு நேரம் இருக்கு. ஒண்ணு ஏப்ரல் கடைசி வாரம், பரீட்சை முடிஞ்ச கையோட கிளம்பிடுறது. இன்னொன்னு ஸ்கூல் திறக்குறதுக்கு முந்தின வாரம், எல்லாரும் நோட்டு புக்கு யூனிபார்ம்னு கடை கடையா அலையுற நேரம், அப்ப மலைல கூட்டம் சட்டுனு இறங்கிடும். ஜூன்ல மழை வந்துடுமேன்னு பயப்படுறவங்களுக்குத்தான் மேல சொன்ன தொட்டபெட்டா கணக்கு, கோத்தகிரில ஜூன் முதல் வாரம் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். எந்த வாரமா இருந்தாலும் திங்கள்ல ஏறி வியாழன்ல இறங்குற மாதிரி போடுங்க. ஆபீஸ்ல நாலு நாள் லீவு கேக்கணுமேன்னு தோணும், ஆனா வெள்ளி சனி ஞாயிறு ரேட்டுக்கும் செவ்வாய் புதன் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை போன் போட்டு கேட்டு பாருங்க, ஒரு நாள் சம்பளம் அதுலயே வந்துடும்.

போறதுக்கு சொந்த கார் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். கார் வெச்சிருந்தா இ-பாஸ் எடுக்கணும், சென்னை ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த விஷயம் இது, 2025 ஏப்ரல்ல இருந்து சீசன்ல நீலகிரிக்கு ஒரு நாளைக்கு வெளியூர் வண்டி வார நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000ன்னு கணக்கும் வெச்சாங்க. பாஸுக்கு காசு கிடையாது, ஆனா லிமிட் முடிஞ்சுட்டா அன்னைக்கு கிடைக்காது, அதனால கார்லதான் போறோம்னா தேதி முடிவான உடனே அரசாங்க இ-பாஸ் வெப்சைட்ல அப்போதைய ரூல் என்னன்னு பாத்துட்டு எடுத்து வெச்சுடுங்க. கவர்மெண்ட் பஸ்லயும் ரயில்லயும் வர்றவங்களுக்கு இந்த தொல்லையே இல்ல. சீசன்ல போலீஸ் ஒருவழிப்பாதை வேற போடுவாங்க, மேல போற வண்டி குன்னூர் வழியா, கீழ இறங்குற வண்டி கோத்தகிரி வழியான்னு, அதனால கார்ல வந்தீங்கன்னா கோத்தகிரிக்கு குன்னூரை சுத்திகிட்டு வர வேண்டி இருக்கலாம். பெட்ரோல், பார்க்கிங், மலை ரோட்டுல ஓட்டிப் பழக்கம் இல்லாதவங்களுக்கு வர்ற டென்ஷன், எல்லாத்தையும் கூட்டி பாத்தா பஸ்ஸு எவ்வளவோ மேல்.

சென்னைல இருந்து வர்றவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரி வசதியான ரயில் வேற எதுவும் கிடையாது, ராத்திரி சென்ட்ரல்ல ஏறி படுத்தா விடிகாலைல மேட்டுப்பாளையம். ரயில் டிக்கெட் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் ஓபன் ஆகுது, மே மாசத்துக்குன்னா ஓபன் ஆகுற அன்னைக்கே காலைல 8 மணிக்கு உக்காந்து போட்டுடுங்க, போற டிக்கெட் போட்ட கையோட திரும்புற டிக்கெட் எப்ப ஓபன் ஆகும்னு காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க, நிறைய பேர் போறதுக்கு மட்டும் போட்டுட்டு திரும்ப வர்றதுக்கு ஆம்னி பஸ்ஸுக்கு ஆயிரக்கணக்குல கொட்டுறாங்க. மதுரை, திருச்சி பக்கம் இருந்து பஸ்ல வந்தா கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ல இறக்கி விடுவாங்க, அங்க இருந்து டவுன் பஸ் பிடிச்சு மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டுக்கு வரணும், ஊட்டி குன்னூர் மேட்டுப்பாளையம் பஸ் எல்லாம் அங்கதான். திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆளுங்க கோயம்புத்தூருக்குள்ளயே வர வேண்டாம், அவிநாசி அன்னூர் வழியா நேரா மேட்டுப்பாளையம் வந்துடலாம், ஒரு மணி நேரம் மிச்சம்.

மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்ட் நடந்து போற தூரம்தான், லக்கேஜ் அதிகமா இருந்தா மட்டும் ஆட்டோ. அங்கயே டிபன் சாப்பிட்டுடுங்க, ஆனா பசங்களுக்கு லேசா ரெண்டு இட்லியோட நிறுத்திடுங்க, பூரி பொங்கல் எல்லாம் மலை ஏறுறப்ப வெளிய வந்துடும். குன்னூர் ரோட்டை விட கோத்தகிரி ரோட்ல கொண்டை ஊசி வளைவு குறைவு, அதனால வாந்தி தொல்லையும் குறைவு, இருந்தாலும் ஒரு எலுமிச்சம்பழமும் ரெண்டு கவரும் கைல இருக்கட்டும். ஜன்னல் சீட் பிடிச்சு பசங்களை உக்கார வைங்க. பாக்குத்தோப்பெல்லாம் தாண்டி வண்டி ஏற ஆரம்பிச்சு குஞ்சப்பனை கிட்ட வர்றப்ப முகத்துல அடிக்குற காத்து மாறுறது நல்லாவே தெரியும், கீழ இருந்த அனல் போய் பச்சை இலை வாசமும் ஈர மண் வாசமும் கலந்து வரும், பஸ்ல தூங்கிட்டு இருக்கவங்க கூட எழுந்து ஜன்னல் பக்கம் திரும்புவாங்க. இந்த குஞ்சப்பனைல சம்மர்ல பலா சீசன், பழத்துக்காக யானை ரோட்டோரம் வரும், கார்லயோ பைக்லயோ வர்றவங்க தயவு செஞ்சு அங்க வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்காதீங்க, யானை தூரத்துல நிக்குதுன்னு நினைச்சு இறங்குனா அது நம்மளை நோக்கி வர்றதுக்கு நிமிஷம் கூட ஆகாது.

இப்போ ரூம். காசு போறதும் மிச்சம் ஆகுறதும் இங்கதான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். ஆப்ல தேடுனா டீ எஸ்டேட்டுக்கு நடுவுல காட்டேஜ், பால்கனில நின்னா மேகம்னு அழகழகா படம் வரும், ரேட்டும் டவுன் லாட்ஜை விட கம்மியா கூட இருக்கும். ஆனா அது டவுன்ல இருந்து ஆறு ஏழு கிலோமீட்டர் உள்ள இருக்கும், சாப்பாட்டுக்கு ஒரு தடவை, ஊர் சுத்த ஒரு தடவை, திரும்ப வர ஒரு தடவைன்னு ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தே ரூம் வாடகைய தாண்டிடும். இருட்டின பிறகு நடந்தும் போக முடியாது, கோத்தகிரி சுத்து வட்டாரத்துல காட்டெருமையும் கரடியும் சாயங்காலம் ஆனா தேயிலை தோட்டத்துல இருந்து தெருவுக்கே வரும், இது அங்க தினப்படி நடக்குற விஷயம். அதனால பஸ் ஸ்டாண்ட், ஜான்ஸ்டன் ஸ்கொயர், டானிங்டன் இந்த பக்கமா, பஸ் ஸ்டாண்டுக்கு பத்து பதினஞ்சு நிமிஷ நடைல இருக்குற ரூமா பாருங்க. வியூ சுமாரா இருந்தாலும் பரவால்ல, வியூ பாக்க நம்ம வெளிய போகத்தானே வந்திருக்கோம்.

ஆப்ல பாத்த இடத்துக்கு நேரா போன் போடுங்க, கமிஷன் இல்லாததால அவங்களே குறைச்சு சொல்ல வாய்ப்பு உண்டு. போன்ல இதெல்லாம் கேளுங்க: நாலு பேருக்கு ஒரே ரூமா ரெண்டு ரூமா, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு தனியா காசா, சுடு தண்ணி எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், ஹீட்டர் வாடகை உண்டா, பஸ் ஸ்டாண்ட்ல இருந்து எவ்வளவு தூரம், அந்த தூரம் மேடா இறக்கமா. கடைசி கேள்வி சின்னதா தெரியும், மூட்டு வலி இருக்குற அம்மா கூட வந்தீங்கன்னா அதுதான் முதல் கேள்வி. முக்கியமா சமையல் கட்டு இருக்கா, கேஸ் அடுப்பு உபயோகிக்க விடுவாங்களான்னு கேளுங்க, ஹோம்ஸ்டேல நிறைய இடத்துல விடுவாங்க. ஃபுல் அமௌண்ட்டை முன்னாடியே ஜிபே பண்ணாதீங்க, ஒரு நாள் வாடகைய மட்டும் அட்வான்ஸா கொடுத்துட்டு மிச்சம் அங்க வந்து தர்றேன்னு சொல்லுங்க, ஒத்துக்காதவங்களை விட்டுட்டு அடுத்த நம்பருக்கு போங்க. சீசன்ல இல்லாத காட்டேஜுக்கு படம் போட்டு காசு பறிக்குற கும்பல் உண்டு, சந்தேகமா இருந்தா வீடியோ கால்ல ரூமை காட்ட சொல்லுங்க, நிஜமா இருக்குறவங்க சந்தோஷமா காட்டுவாங்க. வார நாள்ல நாலு பேருக்கு ஒரு ராத்திரிக்கு 2000 ரூபாய்னு உங்க மனசுல ஒரு கோடு போட்டுக்கோங்க, அதுக்கு மேல சொன்னா இன்னும் நாலு இடம் கேளுங்க. கோத்தகிரில கிடைக்கலைன்னா குன்னூர் பாருங்க, இல்ல ஊட்டிலயேதான் இருக்கணும்னா தமிழ்நாடு ஹோட்டல், ஒய்டபிள்யூசிஏ ஆனந்தகிரி இந்த மாதிரி இடங்களை ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு வைங்க, அங்க எல்லாம் முந்துறவங்களுக்குத்தான்.

சேந்த அன்னைக்கு எங்கயும் ஓடாதீங்க. ரூம்ல பெட்டிய போட்டுட்டு குளிச்சு சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு சாயங்காலம் நடையா நேரு பார்க், இல்லன்னா ரெண்டு கிலோமீட்டர்ல இருக்குற கன்னேரிமுக்கு. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819ல இந்த பக்கமா மலை ஏறி வந்து வீடு கட்டுன ஊர் அது, அந்த கட்டடத்தை சரி பண்ணி நினைவகமா வெச்சிருக்காங்க, நீலகிரியோட பழைய போட்டோ எல்லாம் இருக்கும். ஊட்டி ஏரிய 1824ல வெட்ட ஏற்பாடு பண்ணதும் இதே சல்லிவன்தான், மறுநாள் ஊட்டில ஏரிய பாக்குறப்ப பசங்க ஞாபகம் வெச்சு சொல்லுவாங்க.

ரெண்டாவது நாள் ஊட்டி. காலைல ஏழு ஏழரைக்கே பஸ் ஏறிடுங்க. கோத்தகிரி ஊட்டி பஸ் போற வழிலயே தொட்டபெட்டா ஜங்ஷன் வரும், அங்க இறங்குனா சிகரத்துக்கு சுமார் மூணு கிலோமீட்டர், ஊட்டி டவுன்ல இருந்து டாக்ஸி பிடிச்சு வர்றவங்க கொடுக்குற காசு நமக்கு மிச்சம். 2637 மீட்டர், தமிழ்நாட்டோட உயரமான இடங்கள்ல ஒண்ணு, காலைல போனாத்தான் மேகம் மூடாம இருக்கும், பத்து மணிக்கு மேல போனா வெள்ளையா ஒண்ணும் தெரியாம திரும்பவும் வாய்ப்பு உண்டு. நடக்க முடியாதவங்க ஜங்ஷன்ல இருந்து ஜீப்போ ஆட்டோவோ பேசிக்கலாம், பக்கத்துல நிக்குற இன்னொரு குடும்பத்தையும் சேத்துக்கிட்டா பங்கு பாதியாயிடும். கிளம்புறதுக்கு முந்தின நாளே சிகரம் திறந்திருக்கான்னு மட்டும் ரூம்ல கேட்டுக்கோங்க, யானை நடமாட்டம் ரோடு வேலைன்னு சில நாள் மூடி வெச்சிருப்பாங்க. திரும்ப ஜங்ஷனுக்கு வந்து அடுத்த பஸ் பிடிச்சு சேரிங் கிராஸ்ல இறங்குங்க. பொட்டானிக்கல் கார்டன் அங்க இருந்து நடந்து போற தூரம், 1848ல ஆரம்பிச்ச தோட்டம், 22 ஹெக்டேர், உள்ள ரெண்டு கோடி வருஷம் பழசுன்னு சொல்ற கல்லா மாறின மரம் ஒண்ணு கிடக்கு, முன்னாடி இருக்குற புல்வெளில போட்டோ எடுத்துட்டு எல்லாரும் திரும்பிடுறாங்க, நீங்க மேல ஏறிப் போங்க, அங்கதான் கூட்டமே இல்லாம பெரிய பெரிய மரத்தடி எல்லாம் இருக்கு, கட்டுச்சோறு கொண்டு போயிருந்தா எங்க உக்காந்து சாப்பிட விடுவாங்கன்னு கேட்ல கேட்டுட்டு போங்க. சீசன்ல ஊட்டி பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஒரே டிக்கெட்ல முக்கியமான இடமெல்லாம் ஏறி இறங்குற மாதிரி கவர்மெண்ட் சுற்றுலா பஸ் விடுவாங்க, ரோஜா தோட்டம் போட் ஹவுஸ் எல்லாம் பாக்கணும்னா அதை விசாரிச்சு ஏறிடுங்க. என் கருத்துல போட் ஹவுஸை விட்டுடலாம், கியூவுல நிக்குற நேரமும் செலவும் அதுக்கு தேவையில்ல, ஆனா பசங்க அழுதா ஒண்ணும் பண்ண முடியாது. திரும்ப கோத்தகிரிக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு காலைல இறங்குறப்பவே டைம் கீப்பர்கிட்ட கேட்டுக்கோங்க, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ல ஏறுற மாதிரி பிளான் பண்ணுங்க.

மூணாவது நாள் குன்னூரும் பொம்மை ரயிலும். மேட்டுப்பாளையத்துல காலைல கிளம்புற ஊட்டி ரயில்தான் எல்லாருக்கும் ஆசை, 46 கிலோமீட்டர், 16 குகை, 208 வளைவு, கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பல் சக்கரம் மாட்டி ஏறும், 2005ல யுனெஸ்கோ பாரம்பரிய சின்னமா அறிவிச்சாங்க. ஆனா சீசன்ல அதுக்கு டிக்கெட் கிடைக்குறது குதிரைக் கொம்பு, நாலு பேருக்கு சேந்தாப்ல கிடைக்கவே கிடைக்காது, அதுக்காக பிளாக்ல வாங்குறது ஏஜெண்ட்டுக்கு கொட்டிக் கொடுக்குறது எல்லாம் வேண்டவே வேண்டாம். குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு அதே பாதைல ஒரு நாளைக்கு பல தடவை ரயில் ஓடுது, டீசல் இன்ஜின், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஒரு மணி நேரம் சொச்சம் போகும், கேத்தி பள்ளத்தாக்கு அந்த ஜன்னல்ல இருந்து பாக்குறதுக்கே ஒரு தனி அழகு, ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட்டும் கவுன்டர்ல கொடுப்பாங்க, அரை மணி முக்கால் மணி நேரம் முன்னாடி போய் நில்லுங்க. பசங்களுக்கு ரயில்ல போன சந்தோஷம் முழுசா கிடைச்சுடும்.

கோத்தகிரில இருந்து குன்னூர் பஸ்ல ஏறுனா குன்னூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகாதீங்க, சிம்ஸ் பார்க் அந்த கோத்தகிரி ரோட்லயேதான் இருக்கு, கண்டக்டர்கிட்ட சொன்னா வாசல்ல இறக்கி விடுவார். 1874ல உருவாக்குன தோட்டம், சரிவா இறங்கி இறங்கி போகும், ருத்ராட்ச மரம் எல்லாம் இருக்கு. அதை முடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு இறங்கி ரயில்ல ஊட்டி போயிட்டு, ஊட்டில டீ குடிச்சுட்டு, அங்க இருந்து நேரா கோத்தகிரி பஸ். டால்பின் நோஸ் பாக்கணும்னா குன்னூர்ல இருந்து தனியா வண்டி பேசணும், அங்க நின்னா எதிர் மலைல கேத்தரின் அருவி 250 அடி உயரத்துல இருந்து விழுறது தெரியும், ஆனா வெயில் காலத்துல தண்ணி மெல்லிசா நூல் மாதிரிதான் இருக்கும், அதனால சம்மர் ட்ரிப்ல இதுக்கு காசு செலவு பண்ண வேண்டாம்னு நினைக்குறேன்.

நாலாவது நாள் காலைல கோடநாடு. இந்த ட்ரிப்ல ஒரே ஒரு வேளைக்கு ஆட்டோ இல்லன்னா டாக்ஸி வைக்கலாம்னா அது இதுக்குத்தான். கோத்தகிரில இருந்து 18 கிலோமீட்டர் பக்கம், பஸ்ஸும் உண்டு, ஆனா எண்ணிக்கை கம்மி, டைம் கீப்பர்கிட்ட போற நேரம் வர்ற நேரம் ரெண்டும் கேட்டு ஒத்து வந்தா பஸ்லயே போங்க. வண்டினா ஏறுறதுக்கு முன்னாடி போக வர, வெயிட்டிங் எல்லாம் சேத்து ஒரே ரேட்டா பேசிடுங்க, இங்க ஆட்டோவுல மீட்டர் எல்லாம் எதிர்பாக்க முடியாது. காட்சி முனைல நின்னீங்கன்னா மலை அப்படியே செங்குத்தா அறுந்து விழுந்த மாதிரி இருக்கும், கீழ மாயாறு வளைஞ்சு வளைஞ்சு போறது, அதோட கரைல தெங்குமரஹாடா கிராமம், அந்த வயல் பச்சை, தூரத்துல பவானிசாகர் அணைத் தண்ணி வெயில்ல மினுங்குறது, ஒரு பக்கம் ரங்கசாமி சிகரம், எல்லாம் ஒரே பார்வைல. ஊட்டில இருக்குற எந்த வியூ பாயிண்டையும் இதோட சேத்து வெச்சு என்னால பேச முடியாது. எட்டு எட்டரைக்குள்ள அங்க இருங்க, வெயில் ஏற ஏற கீழ புகை மாதிரி மூடிக்கும்.

நேரம் இருந்தா லாங்வுட் சோலை. டவுன்ல இருந்து மூணு கிலோமீட்டர்தான், 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024 ஜனவரில உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேத்தாங்க, சுத்தி இருக்குற கிராமங்களுக்கு குடிதண்ணி இந்த காட்டுல இருந்துதான். வனத்துறை அனுமதியோடதான் உள்ள போகணும், முந்தின நாளே கோத்தகிரி வனத்துறை ஆபீஸ்ல கேட்டுடுங்க. வெளிய தேயிலை தோட்டத்துல கண்ணு கூசுற வெயில் அடிச்சுட்டு இருக்கும், காட்டுக்குள்ள பத்தடி வெச்சா சட்டுனு இருட்டும் குளிருமா ஆயிடும், மரம் முழுக்க பாசி, காலுக்கடில இலை மெத்து மெத்துன்னு இருக்கும், அப்பப்ப ஒரு பறவை சத்தம், மலை அணில் கிளை தாவுற சத்தம், வேற ஒண்ணும் கிடையாது. பசங்ககிட்ட பேசாம நடக்கணும்னு முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க. ஸ்பீக்கர் போட்டு பாட்டு கேக்குறது, சிப்ஸ் கவரை வீசுறது எல்லாம் பண்ற இடம் இல்ல இது, அந்த ஊர்க்காரங்க பல வருஷமா பாடுபட்டு காப்பாத்தி வெச்சிருக்குற காடு.

சாப்பாட்டு விஷயத்துல ஒரு சின்ன ஒழுங்கு வெச்சா போதும். முதல் நாளுக்கு வீட்ல இருந்தே புளியோதரை, இட்லிப்பொடி தடவுன இட்லி, சப்பாத்தி தக்காளித்தொக்குன்னு கட்டி எடுத்துட்டு வந்துடுங்க. அடுப்பு வசதி இருக்குற ரூம்னா காலைலயும் ராத்திரியும் நம்ம சமையல், அரிசி, பருப்பு, ரவை, பொடி எல்லாம் ஊர்லயே பொட்டலம் கட்டிக்கோங்க, காய் மட்டும் அங்க உழவர் சந்தைல வாங்குங்க, தழையோட மண்ணு ஒட்டிட்டு இருக்குற கேரட்டும் பச்சைப் பட்டாணியும் பீன்ஸும் அந்த ருசி கீழ கிடைக்காது. மதியம் மட்டும் வெளிய, டூரிஸ்ட் ஸ்பாட் வாசல்ல இருக்குற ஹோட்டலை விட்டுட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிரைவர் கண்டக்டர் சாப்பிடுற மெஸ்ஸா பாத்து போங்க, விலையும் நியாயம் சாப்பாடும் சூடு. சாயங்காலம் டீக்கடைல சூடா ஒரு டீயும், பிஸ்கட் மாதிரி மொறுமொறுன்னு இருக்குற வர்க்கி ரெண்டும், ஊட்டி வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, டீல நனைச்சு சாப்பிட்டா பசங்க ராத்திரி வரைக்கும் வேற எதுவும் கேக்க மாட்டாங்க.

தண்ணி பாட்டில் பத்தி கண்டிப்பா சொல்லணும். நீலகிரில ஒரு தடவை உபயோகிச்சு வீசுற பிளாஸ்டிக்குக்கு தடை, தண்ணி பாட்டிலும் அதுல சேத்தி, செக்போஸ்ட்ல பாத்தா பிடுங்கிடுவாங்க, அபராதமும் போடுவாங்க. ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு வாங்க, வழில வாட்டர் ஏடிஎம் வெச்சிருக்காங்க, ரூம்ல சுடு தண்ணி வாங்கி நிரப்பிக்கலாம். துணிக்கு புதுசா ஜெர்கின் வாங்க தேவையில்ல, சம்மர்ல பகல்ல சாதாரண உடுப்பே போதும், ராத்திரிக்கும் விடிகாலைக்கும் ஒரு ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், சாயங்கால மழைக்கு ரெண்டு குடை. செருப்புக்கு பதிலா பழைய ஷூ. சளி ஜுர மாத்திரை பசங்களுக்கு வழக்கமா கொடுக்குறது எதுவோ அது. பெண்களுக்கு ஒரு விஷயம், சாதாரண கட்டண பஸ்ல இலவசமா போற விடியல் பயணம் திட்டத்தை 2024ல நீலகிரிக்கும் கொண்டு வந்தாங்க, எந்தெந்த பஸ்னு ஏறும்போது போர்டை பாத்து கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க, அம்மா, தங்கச்சி, பாட்டின்னு போற குடும்பத்துக்கு மூணு நாள் அலைச்சல்ல இது நல்ல மிச்சம்.

மொத்த கணக்கு நான் போடுற விதம் இப்படி, சென்னைல இருந்து ரெண்டு பெரியவங்க ரெண்டு பசங்கன்னு வெச்சுக்கோங்க. ரயில் ஸ்லீப்பர் போக வர 3000, ரூம் மூணு ராத்திரிக்கு 6000, சாப்பாடு 5000, அங்க சுத்துற பஸ் செலவு 1500, கோடநாடு வண்டிக்கு 2000, நுழைவு டிக்கெட் எல்லாம் சேத்து 1000, வாங்கிட்டு வர்றதுக்கு 1500. கூட்டுனா 20000 வருது. இதெல்லாம் நம்ம ஒதுக்குற தொகைதான், விலைப்பட்டியல் இல்ல, ஒரு இடத்துல கூடுனா இன்னொரு இடத்துல குறைக்கணும். இதுக்கு மேல 2000 தனியா ஒரு கவர்ல போட்டு பெட்டி அடில வைங்க, பசங்களுக்கு உடம்பு சரியில்லாம போனா, பஸ் கிடைக்காம வண்டி எடுக்க வேண்டி வந்தா அதுக்கு. ஜனவரில இருந்து மாசம் 4500 தனியா எடுத்து வெச்சா மே மாசம் கைல முழு காசும் இருக்கும். சமைக்குற வீடு, கோயம்புத்தூர் பக்கத்து ஆளு, ரெண்டே ராத்திரின்னா இதுல பாதிலயே முடியும்.

வாங்கிட்டு வர்றதுல ஒரு வார்த்தை. டூரிஸ்ட் கடைல கலர் கலரா அடுக்கி வெச்சிருக்குற சாக்லேட்டும் தைலமும் எல்லாத்தையும் அள்ளாதீங்க. டீத்தூள் வாங்கணும்னா சிறு விவசாயிங்க கூட்டுறவு சங்கம் இன்ட்கோசர்வ் விக்குற ஊட்டி டீ வாங்குங்க, காசு அந்த தேயிலைய பறிக்குற விவசாயி குடும்பத்துக்கு போகும். தேன் வேணும்னா கோத்தகிரிலயே லாஸ்ட் ஃபாரஸ்ட் கடை இருக்கு, காட்டுல பழங்குடி மக்கள் எடுக்குற தேன். மிச்ச காசுக்கு கேரட், பீட்ரூட், பூண்டு.

இறங்குற அன்னைக்கு ராத்திரி மேட்டுப்பாளையத்துல ரயில்னா கோத்தகிரிய விட்டு மதியம் மூணு மணிக்குள்ள கிளம்பிடுங்க. தூரம் 33 கிலோமீட்டர்தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, கீழ இறங்குற வண்டி எல்லாம் சீசன்ல இந்த ரோட்லதான் வரும், ஒரு இடத்துல அடைச்சுதுன்னா ஒரு மணி நேரம் அப்படியே நிக்கும். சீக்கிரம் வந்துட்டா ஸ்டேஷன்ல உக்காந்துக்கலாம், பசங்க அங்க நிக்குற பழைய நீராவி இன்ஜினை பாத்துட்டு இருப்பாங்க. ஜூன்ல போனவங்க ஒரு வேளை குன்னூர் வழியா இறங்குனீங்கன்னா பர்லியார்ல பஸ் நிக்குறப்ப மங்குஸ்தான் வந்திருக்கான்னு பாருங்க, ரோட்டோரக் கடைல குவிச்சு வெச்சிருப்பாங்க, அமுக்கி பாத்து தோல் லேசா உள்ள போற பழமா எடுங்க, கல்லு மாதிரி இருந்தா வேண்டாம்.